லீவு நாளில் புல்மேனுக்குப் போய் வா, பாப்பா

பாப்பாவுக்கு,

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தின லீவு, நாள் முழுக்கத் தூங்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். தூங்கு, ஆனால் மத்தியானத்துக்கு மேல் கிளம்பி புல்மேனுக்கு ஒரு நடை போய் வா. ரயில் பெட்டி கட்டிப் பிழைத்தவன் மகள் சிகாகோவில் இருந்துகொண்டு அந்த ஊரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஜார்ஜ் புல்மேன் படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகள் செய்தவர். 1880களில் ஆலையைச் சுற்றி ஒரு ஊரையே கட்டினார். செங்கல் வீடு, பூங்கா, நூலகம், எல்லாம் அழகுதான். ஆனால் தொழிலாளி ஒரு வீட்டைக்கூடச் சொந்தமாக வாங்க முடியாது. கூலி கொடுக்கிறதும் வாடகை வாங்குகிறதும் ஒரே கம்பெனி. 1893இல் வங்கிகள் கவிழ்ந்து தொழில் படுத்தபோது கூலியில் கிட்டத்தட்ட கால்வாசியைக் குறைத்தார்கள், வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை, பங்குதாரர்களுக்குப் போகிற 8 சதவீத லாபப் பங்கு மட்டும் தவறாமல் போனது.

அங்கே ஜென்னி கர்ட்டிஸ் என்று ஒரு தையல்காரப் பெண். அவள் அப்பாவும் அதே கம்பெனியில்தான் வேலை செய்தார், நோயில் படுத்து இறந்துபோனார். 60 டாலர் வாடகை பாக்கி இருந்தது. அதை மகள் தலையில் கட்டினார்கள், ஒவ்வொரு சம்பளத்திலும் முடிந்ததைக் கொடுத்து அடைக்கச் சொன்னார்கள். அவள் ரயில்வே தொழிலாளர் சங்க மாநாட்டிலேயே எழுந்து இதைச் சொன்னாள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை, பாப்பா.

1894 மே மாதம் வேலைநிறுத்தம். ஜூன் 26 முதல் யூஜின் டெப்ஸ் தலைமையில் இருந்த அந்த ரயில்வே சங்கம் புல்மேன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் தொட மாட்டோம் என்றது, லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ரயில் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா, தபால் பெட்டியோடு புல்மேன் பெட்டியையும் சேர்த்துக் கோத்துவிட்டன. ரயிலை மறித்தால் அரசாங்கத் தபாலை மறித்த குற்றம்! அதைச் சாக்காக வைத்து நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. இலினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் வேண்டாம் என்று சொல்லியும் அதிபர் கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பினார். சுட்டதில் பலர் செத்தார்கள், டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை.

உன் லீவு இருக்கிறதே, அதற்கான சட்டத்தில் அதே கிளீவ்லாண்ட் கையெழுத்துப் போட்டது அந்த ஜூன் 28ஆம் தேதி. ஒரு வாரத்துக்குள் சிகாகோவில் சிப்பாய்கள் இறங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்கலாமா என்று ஓட்டெடுத்து, கொஞ்ச வித்தியாசத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெட்டிகளில் படுக்கை விரித்து, செருப்புக்குப் பாலிஷ் போட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், அவர்களை வெளியே நிறுத்திவிட்டு யாரோடு சண்டை போடுவது? இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1925இல் ராண்டால்ஃப் என்ற கறுப்பினத் தலைவரின் தலைமையில் அவர்கள் தனியாகச் சங்கம் கட்டினார்கள், 1937இல்தான் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது.

சரி, மெட்ரா எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினால் 111ஆவது தெருவில் இறங்கலாம். மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பார், அப்புறம் அந்தக் கறுப்பினப் பணியாளர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் விடாதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. வந்து எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா