புறம் 267: பல்கலைக்கழகப் பதிப்புத்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்புத்துறை இயக்குநர்களுக்கும் தமிழ்த்துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். அச்சுக்குப் போகும் முன் ஒரு நூலைச் செம்மையாக்கும் வேலை பற்றியே இந்த மடல். முனைவர் பட்ட ஆய்வு செய்த நாள்களில் என் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு தபாலில் திரும்பி வந்தது. ஓரிடத்தில், ‘புறம் 267 என்கிறீர்கள். 267, 268 இரண்டும் கிடைக்காமல் போன பாட்டுகள் ஆயிற்றே?’ என்று எழுதியிருந்தது. நான் எழுத நினைத்தது புறநானூற்றின் 276ஆம் பாட்டு. போர்க்களத்தில் நிற்கும் மகனைக் குடப்பாலில் தெறித்த சிறு உறைமோருக்கு ஒப்பிடும் பாட்டு. நெறியாளர் படித்தார், நானும் பலமுறை படித்தேன், பிடிபடவில்லை. அந்தக் குறிப்புகளை எழுதிய, இதழின் துணையாசிரியர் பிடித்தார். அதற்கும் கீழே இன்னொரு குறிப்பு: ‘நான்காம் பக்கத்தில் சொன்னதை ஏழாம் பக்கத்தில் மறுக்கிறீர்கள். எது உங்கள் முடிவு?’ இதற்கு விடை தேடி மூன்று வாரம் உட்கார்ந்தபோதுதான் நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே தெளிந்தது.

இன்று வரும் கருத்தரங்கத் தொகுப்புகளைப் பாருங்கள். அட்டையில் ஐந்து பதிப்பாசிரியர்கள். உள்ளே ஒரே குறுந்தொகைப் பாட்டு மூன்று கட்டுரைகளில் மூன்று பாடத்தோடு, அதாவது மூன்று விதமான சொற்களோடு, நிற்கிறது, எந்தப் பதிப்பு என்ற குறிப்பே இல்லை. கட்டுரைகள் வந்து சேர்ந்ததே முந்தின வாரம், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நூல் கருத்தரங்கு மேடையில் வெளியாக வேண்டும். இடையில் யார் உட்கார்ந்து படிப்பது?

பதிப்பாசிரியர் என்ற சொல்லுக்கு நம்மிடம் பெரிய மரியாதை இருந்தது. 1894இல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், சுவடியில் சிதைந்துபோன அடிகளைத் தாமே இட்டு நிரப்பவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். அது பழைய காலம் என்று சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் தமிழ்ப் பேரகராதிக்கு 1926இல் ச. வையாபுரிப் பிள்ளையைப் பதிப்பாசிரியராக அமர்த்தியது. பத்தாண்டு அந்த வேலைக்கு இடம் கொடுத்தது. ஒரு பல்கலைக்கழகம் செய்த ஏற்பாடுதானே அது?

என் ஆய்வேடு நூலானபோது பதிப்பகம் அதை நேரே கணினி அச்சுக்கு அனுப்பிவிட்டது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் கொம்புகள் இடம் மாறின, சொல்லடைவின் பக்க எண்கள் எல்லாம் நான்கு பக்கம் தள்ளிப்போயின. என் பெயர் போட்ட அந்த நூலை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

தயவுசெய்து மெய்ப்புப் பார்ப்பதும் செம்மையாக்கமும் ஒன்றென்று எண்ணாதீர்கள். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப் பிழையைக் களைவார். செம்மையாக்குபவர் வாதத்தையே கேள்வி கேட்பார். அதற்கென ஆள் அமர்த்துங்கள், உரிய ஊதியம் கொடுங்கள், உரிமைப் பக்கத்தில் அவர் பெயரை அச்சிடுங்கள். எந்தக் கட்டுரையையும் படிக்காதவரின் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளியீட்டு நாளை நூல் முடிந்த பிறகு குறியுங்கள்.

அந்தப் பென்சில் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. உங்கள் துறையில் நான்கு மாணவர்களுக்கு இந்த வேலையைப் பழக்க முன்வந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு என் செலவிலேயே வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்