ஸ்கேனர் லைப்ரரி 5.5.0: மூட்டைக் கணக்கு ஏறுகிறது, கேமரா கருப்பாகிறது

அனுப்புநர்
ஆப் தயாரிப்புக் குழு,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்,
ஸ்கேனர் லைப்ரரி பிரிவு.

பொருள்: லைப்ரரியை 5.4.2இலிருந்து 5.5.0க்கு மாற்றியபின் திரை லைஃப்சைக்கிளில் (திரை உருவாகி, மறைந்து, அழியும் கட்டங்களில்) ஏற்பட்ட கோளாறுகள் – திருத்தமும் பழைய பதிப்பும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நெல் வாங்கும் வியாபாரிகளும் அரிசி ஆலைக்காரர்களும் எடை போடுமிடத்தில் பயன்படுத்தும் ஆன்ட்ராய்டு ஆப் எங்களுடையது. அதில் கியூஆர் அட்டையைப் படிக்கும் வேலைக்கு ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் லைப்ரரியை (ஆப்புக்குள் இணைத்துக்கொள்ளும் ஆயத்த நிரலை) வைத்திருக்கிறோம். 5.4.2 வரை அதன்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. 5.5.0 போட்ட நாளிலிருந்து மூட்டைக் கணக்கு கூடுதலாக ஏறுகிறது, கேமரா கருப்பாக நின்றுவிடுகிறது, போன் பேசிவிட்டுத் திரும்பினால் ஆப் படுத்துவிடுகிறது. எங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. பில்ட் கோப்பில் (நிரலை ஆப்பாகக் கட்டும் விவரக் கோப்பில்) பதிப்பு எண் மட்டுமே மாறியது. அதே நிரலை 5.4.2 வைத்து பில்ட் செய்தால் மூன்று கோளாறும் மறைகின்றன.

இதுவரை இரண்டு முறை எழுதிவிட்டோம். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், கேஷை அழியுங்கள் என்றுதான் பதில் வந்தது. பிறகு, உங்கள் பிரிவினர் தம் சாதனங்களில் பிழை தென்படவில்லை என்று சொல்லிப் புகாரையே மூடிவிட்டார்கள். தென்படாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மாதிரி ஆப்பில் இருப்பது ஒரே ஒரு திரை. அந்தத் திரையை விட்டு வேறொன்றுக்குப் போய்த் திரும்பினால்தான் இந்தக் கோளாறுகள் வெளியே வரும். அதனால் எப்படி வரவழைப்பது, ஏன் வருகிறது என்பதை இங்கே விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. ஒரு விவசாயி கொண்டுவந்த நெல்லுக்கு ஒரே ஒரு லாட் அட்டை. தராசில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் அதே அட்டையைக் கேமராவுக்குக் காட்டுவார்கள், எண்ணிக்கை ஒன்று ஏறும். பத்து மூட்டைக்கு ஒருமுறை ஈரப்பதம் பதியும் திரை திறக்கும். மீட்டரில் பார்த்த எண்ணைப் போட்டுவிட்டுப் பின்செல்லும் பொத்தானைத் தொட்டால் ஸ்கேன் திரை திரும்ப வரும். இரண்டும் ஒரே ஆக்டிவிட்டிக்குள் (ஆப்பின் ஒரு முழுத் திரைக்குள்) இருக்கும் இரண்டு ஃபிராக்மென்ட்கள் (அதில் மாற்றி மாற்றி வைக்கும் திரைப் பகுதிகள்). ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும்போது பழையது பேக்ஸ்டாக்கில் (பின்சென்றால் திரும்ப வரவேண்டிய திரைகளின் அடுக்கில்) உட்காரும்.

5.5.0 வைத்து இதைச் செய்து பாருங்கள். முதல் பத்து மூட்டைக்குத் திரை 10 என்று சரியாகவே காட்டும். ஈரப்பதம் பதிந்துவிட்டுத் திரும்புங்கள். கேமராவுக்கு முன்னால் அட்டை இல்லை, யாரும் எதையும் ஸ்கேன் செய்யவில்லை, ஆனாலும் எண் 11 ஆகும். அடுத்த மூட்டைக்கு 13, அதற்கடுத்ததற்கு 15. இருபதாவது மூட்டையில் 31. மறுபடி ஈரப்பதம் பதிந்து திரும்பினால் 32, அதன்பின் மூட்டைக்கு மூன்று மூன்றாக ஏறும். ஐம்பது மூட்டை முடியும்போது திரையில் 154 நிற்கும்.

154 என்றால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். ஆபத்து சின்ன லாட்டில்தான். பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்தவர் பெயரில் 15 பதிவாகும். மூட்டைக்கு 60 கிலோ என்றால் 180 கிலோ நெல் இல்லாமலே கணக்கில் ஏறுகிறது. மாலையில் கையிருப்பை எண்ணும்போது குறைகிறது. எண்ணியவரும் தூக்கியவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள். தராசடியில் நின்ற மனிதர்கள்மேல் பழி விழுவதற்கு ஒரு லைப்ரரி காரணமாக இருக்கக்கூடாது.

இதில் இரண்டு தவறுகள் பின்னிக்கிடக்கின்றன. 5.4.2இல் ஸ்கேன் முடிவைச் சாதாரண கால்பேக் (ஸ்கேன் நடந்ததும் எங்கள் நிரலை அழைக்கும் முறை) வழியாகக் கொடுத்தீர்கள். 5.5.0இல் அதை லைவ்டேட்டாவுக்கு (மதிப்பை வைத்திருந்து, மாறும்போது தெரிவிக்கும் ஆன்ட்ராய்டு வசதிக்கு) மாற்றி, அதைக் கவனிக்கும் அப்சர்வரை லைப்ரரிக்குள்ளேயே போட்டு, ஃபிராக்மென்ட்டையே அதற்கு ஓனராகக் கொடுத்திருக்கிறீர்கள்; அதாவது அப்சர்வரின் ஆயுளை ஃபிராக்மென்ட்டின் ஆயுளோடு கட்டியிருக்கிறீர்கள். பேக்ஸ்டாக்குக்குப் போகும் ஃபிராக்மென்ட்டின் வியூ (கண்ணுக்குத் தெரியும் பகுதி) அழிந்துவிடும், ஃபிராக்மென்ட் அழியாது. வியூ அழிவதைச் சொல்லும் ஆன்டெஸ்ட்ராய்வியூ வரும், ஃபிராக்மென்ட் அழிவதைச் சொல்லும் ஆன்டெஸ்ட்ராய் வராது. ஓனர் சாகாதவரை லைவ்டேட்டா அப்சர்வரைக் கழற்றாது. திரும்பி வரும்போது, வியூ உருவானதைச் சொல்லும் ஆன்வியூகிரியேட்டட் இரண்டாம் முறை ஓடி, உங்கள் லைப்ரரி புதிதாக இன்னொரு அப்சர்வரைக் கட்டுகிறது. பழையதும் உயிரோடு எழுந்துகொள்கிறது. ஒரு ஸ்கேனுக்கு இரண்டு எண்ணிக்கை வருவது இதனால்தான். ஓனராக, வியூவின் ஆயுளைக் குறிக்கும் ஃபிராக்மென்ட்டின் வியூலைஃப்சைக்கிள்ஓனரைக் கொடுத்திருந்தால் வியூ அழியும்போதே பழைய அப்சர்வரும் போயிருக்கும்.

திரும்பியவுடன் சும்மா ஏறும் அந்த ஒன்றுக்குக் காரணம் வேறு. லைவ்டேட்டா கடைசி மதிப்பைக் கையில் வைத்திருந்து, புதிதாக வரும் அப்சர்வருக்கு உடனே கொடுக்கும். நிலவரத்தைக் காட்ட அது பொருத்தமான குணம். ஸ்கேன் என்பது நிலவரம் அல்ல, ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சி. ஆகவே ஓனரை மட்டும் திருத்தி அனுப்பினால் பாதி நோய்தான் தீரும்; பத்து மூட்டைக்கு ஒன்று கூடுவது தொடரும். போனைப் பக்கவாட்டில் திருப்பினாலும் அந்த ஒன்று கூடுவதைப் பார்க்கலாம். அந்த முடிவை ஒருமுறை மட்டுமே கொடுக்கும் வழிக்கு நீங்கள் மாறியாக வேண்டும்.

'ஒரே குறியீடு அடுத்தடுத்து வந்தால் ஒதுக்கிவிடுங்கள்' என்று உங்கள் பொறியாளர் ஒருவர் யோசனை சொன்னார். லாட் முழுவதற்கும் ஒரே அட்டை என்பதால் ஐம்பது மூட்டைக்கும் ஒரே குறியீடுதான் வரும். அப்படி ஒதுக்கினால் 154 காட்டிய ஆப் 1 காட்டும். தற்காலிகமாக நாங்கள் செய்திருப்பது இது: ஆன்டெஸ்ட்ராய்வியூவில் அந்த லைவ்டேட்டாமேல், அப்சர்வர்களைக் கழற்றும் ரிமூவ்அப்சர்வர்ஸ் அழைத்து, திரை திரும்பியபின் வரும் முதல் மதிப்பின் நேர முத்திரை பழையதாக இருந்தால் தள்ளிவிடுகிறோம். இது ஒட்டுப்போட்ட வேலை. லைப்ரரியின் உள்ளே நீங்கள் பெயர் மாற்றினால் மறுநாளே கிழியும்.

இரண்டாவது, கருப்புத் திரை. லாரி ஏற்றும்போது வழிச்சீட்டைப் படிக்கத் தனி ஆக்டிவிட்டி வைத்திருக்கிறோம். அதுவும் உங்கள் லைப்ரரியின் கேமராவையே பயன்படுத்துகிறது. மூட்டைத் திரையிலிருந்து அதற்குப் போனால் கேமரா ஒரு கணம் தெரிந்து, பிறகு கருப்பாகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வெளியே போய் உள்ளே வந்தால் தெரிகிறது.

லாக்கில் வரிசையைப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. மூட்டைத் திரையின் ஆன்பாஸ் (முன்னணியை விடும் கட்டம்) முதலில் வருகிறது. பிறகு வழிச்சீட்டுத் திரையின் ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம் (உருவாகி, தெரிந்து, முன்னணிக்கு வரும் கட்டங்கள்). இவ்வளவும் முடிந்த பிறகே மூட்டைத் திரையின் ஆன்ஸ்டாப் (முழுவதும் மறைந்த கட்டம்). இது ஆன்ட்ராய்டு வகுத்த வரிசை, எங்கள் விருப்பம் அல்ல. 5.4.2இல் கேமராவை ஆன்பாஸில் மூடினீர்கள். அடுத்த திரை திறக்குமுன் பழையது விட்டுக்கொடுத்தது. 5.5.0இல் மூடும் வேலையை ஆன்ஸ்டாப்புக்கு நகர்த்தியிருக்கிறீர்கள். ஆனால் ஆப் முழுவதற்கும் கேமரா செஷன் (கேமராவுடன் திறந்திருக்கும் இணைப்பு) ஒன்றே ஒன்று. புதிய திரை ஆன்ரெஸ்யூமில் அதைத் திறக்கிறது, பின்னாலேயே வந்த பழைய திரையின் ஆன்ஸ்டாப் அதை மூடிவிட்டுப் போகிறது.

ஆன்ஸ்டாப்புக்கு நகர்த்தியதை நாங்கள் தவறென்று சொல்லவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவருக்கு, ஆன்ட்ராய்டு 9 வரை, பக்கத்து ஆப்பைத் தொட்டாலே நம் திரை பாஸ் ஆகிவிடும். கண்ணெதிரே இருக்கும் கேமரா நின்றுபோவதை யாரும் விரும்ப மாட்டார்கள். நகர்த்தும்போது செஷனை யார் திறந்தார் என்று குறித்து வைத்து, திறந்தவர் மூடச் சொன்னால் மட்டும் மூடியிருக்க வேண்டும். சில வரி வேலை.

மூன்றாவது, ஆப் படுத்துவிடுவது. எடை போடுமிடத்தில் இருப்பவை பெரும்பாலும் 3 ஜிபி ராம் போன்கள். லாரி டிரைவரிடமிருந்து அழைப்பு வரும், பேசுவார்கள், வாட்ஸ்ஆப் பார்ப்பார்கள். அதற்குள் பின்னால் இருக்கும் எங்கள் ஆப்பின் பிராசஸை (நினைவகத்தில் ஓடும் ஆப்பையே) ஆன்ட்ராய்டு கொன்றிருக்கும். திரும்பி வரும்போது ஆப் முதல் திரையிலிருந்து தொடங்காது, விட்ட இடமான ஸ்கேன் திரையையே நேராக உருவாக்கும். 5.4.2இல் உரிமச் சாவியைக் கொடுத்து லைப்ரரியைத் தொடங்கும் அழைப்பு அப்ளிகேஷன் வகுப்பில் (எந்தத் திரைக்கும் முன்னால் ஓடும் நிரல் பகுதியில்) இருந்தது. பிராசஸ் எப்படிப் பிறந்தாலும் அது ஓடும். 5.5.0இல் அந்த அழைப்புக்கு ஆக்டிவிட்டியைக் கேட்கிறீர்கள், முதல் திரையில் வைக்கச் சொல்கிறது உங்கள் வழிகாட்டி. முதல் திரைதான் ஓடவே இல்லையே. லைப்ரரி தொடங்கப்படவில்லை என்று ஸ்கேன் திரை விழுகிறது.

சோதிக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. டெவலப்பர் ஆப்ஷனில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' போட்டுப் பார்த்தால் இது வராது; அது ஆக்டிவிட்டியை மட்டும் அழிக்கிறது, பிராசஸ் உயிரோடு இருப்பதால் உங்கள் ஸ்டாட்டிக் மாறிகளும் (பிராசஸ் உள்ளவரை மதிப்பை வைத்திருப்பவை) அப்படியே இருக்கும். ரீசன்ட்ஸ் பட்டியலிலிருந்து ஆப்பைத் தள்ளிவிட்டுத் திறந்தாலும் வராது. அப்போது முதல் திரையே ஓடும். ஸ்கேன் திரையைத் திறந்து, ஹோம் பொத்தானை அழுத்தி, கணினியிலிருந்து ஏடிபி ஷெல் ஏஎம் கில் (adb shell am kill) கட்டளையை எங்கள் பேக்கேஜ் பெயரோடு கொடுத்து, ரீசன்ட்ஸிலிருந்து உள்ளே வாருங்கள். ஒவ்வொரு முறையும் விழும். ஹோம் அழுத்தாமல் கட்டளை கொடுத்தால் ஒன்றும் நடக்காது. பின்னால் இருக்கும் பிராசஸைத்தான் அது கொல்லும்.

முதல் கோளாறு இதைப் பெரிதாக்குகிறது என்பதையும் கவனியுங்கள். கழற்றப்படாத ஒவ்வொரு அப்சர்வரும் அழிந்த வியூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் லீக்கேனரி கருவியைப் போட்டால் ஒவ்வொரு திரும்புதலுக்கும் ஒரு கசிவு காட்டும். நினைவகம் வீங்க வீங்க, ஆன்ட்ராய்டு எங்கள் ஆப்பைக் கொல்ல முந்திக்கொள்கிறது.

இவ்வளவையும் மாற்றிவிட்டு, வெளியீட்டுக் குறிப்பில் 'செயல்திறன் மேம்பாடு' என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். பதிப்பு எண்ணின் நடு இலக்கம் மட்டும் ஏறினால் பழைய பயன்பாடு உடையாது என்று நம்பித்தான் யாரும் மேம்படுத்துவார்கள். திரையின் எந்தக் கட்டத்தில் கேமராவைப் பிடிக்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் விடுகிறீர்கள், முடிவை யாருடைய ஆயுளோடு கட்டுகிறீர்கள் என்பவை லைப்ரரியின் உள்விவகாரம் அல்ல. எங்கள் திரைகள் அவற்றின்மேல்தான் நிற்கின்றன. இந்த மாற்றத்தை 6.0 என்று வெளியிட்டு, என்னென்ன மாறின என்று எழுதியிருந்தால் நாங்கள் அறுவடை முடியும்வரை தொட்டிருக்கவே மாட்டோம்.

நாங்கள் கேட்பது: மேலே சொன்ன மூன்றையும் திருத்திய பதிப்பு ஒன்று வேண்டும். அது வரும்வரை 5.4.2ஐ உங்கள் ரெபாசிட்டரியில் (பதிப்புகளைத் தரவிறக்கும் இடத்தில்) மறுபடி வையுங்கள். போன வாரம் அதை நீக்கிவிட்டீர்கள். எங்கள் ஒரு கணினியின் கிரேடில் கேஷில் (பில்ட் கருவியின் தற்காலிகச் சேமிப்பில்) மிச்சமிருக்கும் பிரதியை வைத்துத்தான் இப்போது 5.4.2 பில்ட் ஓடுகிறது. மூடிய புகாரைத் திறந்து, நிரல் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். வேலை கெட்ட நாட்களுக்குச் சந்தாவை நீட்டித்துத் தாருங்கள்.

சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித் தொடங்கிவிடும். அதன்பின் களத்தில் இருக்கும் போன்களுக்கு அப்டேட் அனுப்ப எங்களுக்கு இடைவெளி கிடைக்காது. திருத்திய பதிப்பு மார்கழி பதினைந்துக்குள் வந்தால்தான் சோதித்து அனுப்ப முடியும். கோளாறைக் காட்டும் சிறு மாதிரி ஆப்பையும், இரண்டு பதிப்பிலும் எடுத்த லாக் கோப்புகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறோம். மாதிரி ஆப்பில் இரண்டு ஃபிராக்மென்ட், இரண்டு ஆக்டிவிட்டி மட்டுமே உள்ளன. பில்ட் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி ஓட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஆப் தயாரிப்புக் குழு,
மன்னார்குடி.