ஸ்டெஹீகின் தபால் ஆபீசுக்கு

குலசேகரம்,
ஜூலை 28

அன்புள்ள மக்களே,

முகவரியை அக்காதான் எழுதித் தந்தாள். அமெரிக்காவில் கனடா எல்லை வரைக்கும் போகிற அந்த நெடும்பாதையில் நடக்கிறவர்களுக்கு வரும் பெட்டியையும் கடிதத்தையும் அந்த ஊர்த் தபால் ஆபீசில் எடுத்து வைத்திருப்பார்களாம், பெயரைச் சொல்லிக் கேட்டால் தருவார்களாம். கதவு நம்பரும் தெருவும் இல்லாத முகவரிக்கு இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். நாளைக்கு நாகர்கோவில் போய் நானே பெரிய தபால் ஆபீசில் போடுவேன். செப்டம்பர் முதல் வாரம் நீ ஸ்டெஹீகினுக்கு வந்து சேருவாய் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். கடிதம் உனக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஜூன் 10க்கு அப்புறம் எனக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, சிக்னல் இல்லாத காடு என்று தெரியும். அவளுக்கு இரண்டு படம் அனுப்பியிருக்கிறாய். ஒன்றில் பனிமலைக்கு முன்னால் நீ நிற்கிறாய். இன்னொன்றில் கூடாரத்து வாசலில் உன் ஷூ கிடக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்து, கறுப்பு டேப் நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாய். டேப்புக்கு மேலே மண் காய்ந்து வெடித்திருக்கிறது. புது ஷூ வாங்கிவிட்டாயா? பணம் இல்லை என்றால் அக்காவிடம் சொல், அவள் என்னிடம் சொல்லுவாள்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஆடிச் சாரல் விடாமல் பெய்கிறது, பேச்சிப்பாறையில் மறுகால் திறந்துவிட்டார்கள், திற்பரப்பில் யாரையும் குளிக்க விடவில்லை. ரப்பர் வெட்டு இரண்டு வாரமாக நடக்கவில்லை. ஓணத்துக்கு வத்தல் வறுக்க அம்மா ஏத்தன் வாழைக்குலை இரண்டு சொல்லி வைத்திருக்கிறாள். உனக்கு முந்திரிக்கொத்து செய்து இதோடு அனுப்ப வேண்டும் என்று நின்றாள். பெட்டி போய்ச் சேருவதற்குள் நீ அந்த ஊரைக் கடந்து போய்விடுவாய் என்று நான்தான் தடுத்தேன். அதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மார்த்தாண்டத்தில் இருந்து வெள்ளிக்கிழமை வந்திருந்தார்கள். சாயா குடித்தார்கள். அந்தச் சின்னப் பெட்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதைத் திறந்து பார்க்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

சரி, ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பனி உருகி வருகிற ஆறு காலையில் வற்றியும் மத்தியானத்துக்கு மேல் ஏறியும் இருக்கும் என்று அக்கா படித்துச் சொன்னாள். அதனால் ஆற்றைக் காலையில் கட. சாயங்காலம் ஓர் ஆற்றின் கரைக்கு வந்தால் அங்கேயே படு, விடிந்ததும் இறங்கு. பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், விழுந்தாலும் பையை உதறிவிட்டு எழும்பலாம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதே. மேலே மலையில் பெய்திருந்தால் நமக்குத் தெரியாது. கோதையாற்றில் நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், முதலில் தண்ணீரின் நிறம் மங்கும், அப்புறம் சருகும் சுள்ளியும் மிதந்து வரும், அதற்குப் பின்னால்தான் வெள்ளம் வரும். சருகு வந்தால் கரையேறிவிடு. இந்த ஒன்றை மட்டும் மறக்காதே.

அந்த ஊரைப் பற்றி அக்கா தினமும் ராத்திரி எனக்குப் படித்துச் சொல்கிறாள். ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவர்கள் நூறு பேர் கூட இல்லையாம். வெளியில் இருந்து ரோடே கிடையாதாம். ஏரியில் படகு, இல்லை தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானம், அதுவும் இல்லையென்றால் உன்னைப் போல மலை ஏறி இறங்கி வர வேண்டும். செலான் ஏரி 80 கிலோமீட்டர் நீளம், 1486 அடி ஆழம் என்று அவள் படித்தபோது இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நான் 29 வருஷம் காவல் இருந்த பேச்சிப்பாறை அணைக்கு முழுக்கொள்ளளவே 48 அடி. அதில் ஓர் அடி ஏறினாலே எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். ஸ்டெஹீகின் என்றால் அந்த நாட்டுப் பழங்குடிகளின் பேச்சில் கடந்து போகும் வழி என்று அர்த்தமாம். நம் தோட்டமலை, தச்சமலைக் காணிக்காரப் பழங்குடிகள் படகில் வந்து அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஹை பிரிட்ஜ் என்ற இடத்தில் நீ நடக்கிற பாதை அந்த ஊர் ரோட்டைத் தொடுமாம். அங்கிருந்து ஊருக்கு 18 கிலோமீட்டர், பஸ் உண்டு. பஸ்ஸில் ஏறு. அதையும் நடந்தே தீருவேன் என்று நிற்காதே. வழியில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறதாம், நடந்து வருகிறவர்கள் எல்லோரும் அங்கே இறங்கிச் சாப்பிடுவார்களாம். வயிறு நிறையச் சாப்பிடு. படத்தில் உன் கன்னம் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் தங்கு. ரெயின்போ அருவி என்று 312 அடியில் ஒன்று இருக்கிறது, நம் திற்பரப்பு 50 அடிதான். அதைப் பார்க்கக் காடு ஏற வேண்டியதில்லை, ரோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறதாம். ஹை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்து ஆக்னஸ் பள்ளத்தாக்குக்கு ஒரு பாதை, போக 4 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் பாதை முடிகிற இடத்தில் செங்குத்துப் பள்ளம், அடியில் ஆறு. விளிம்புக்குப் போகாதே. பர்ப்பிள் கணவாய்க்கு ஏறுகிற பாதை வேண்டாம், ஒரே மூச்சில் ஐயாயிரம் அடிக்கு மேல் ஏற்றம், பிளந்த ஷூவோடு அது எதற்கு? 2024-ல் அந்த ஏரிக்கரையில் பெரிய தீ பிடித்து, ஊர்க்காரர்களை வெளியேறச் சொன்னார்களாம். எரிந்த சரிவில் மரத்தின் வேர் மண்ணைப் பிடிக்காது. மழை நாளில் அப்படிப்பட்ட சரிவுக்குக் கீழே கூடாரம் அடிக்காதே.

நீ நடக்கிற பாதை மொத்தம் 4265 கிலோமீட்டர் என்று அக்கா சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகருக்கு நடந்தாலும் அவ்வளவு வராது. சாயாக்கடையில் நானே நாலு பேரிடம் சொன்னேன். ஒருத்தர் கேட்டார், வேலையை விட்டுவிட்டா நடக்கிறான் என்று. லீவு போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வைத்துவிட்டாய். நாங்கள் உன்னைப் படிக்க வைத்தது எப்படி என்று உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையை விட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காளிகேசம் போகலாம், உலக்கை அருவி போகலாம், படகில் அக்கரைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பாய். பரீட்சை முடியட்டும் என்பேன். முடிந்தால் அடுத்த பரீட்சை. ஒரே ஒரு தடவை மருந்துவாழ் மலைக்குக் கூட்டிப் போனேன், பாதி ஏறியதும் எனக்கு டியூட்டி என்று இறக்கிவிட்டேன். உச்சியில் இருந்து கடல் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை உனக்கு நான் காட்டவில்லை.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. வேறொன்று இருக்கிறது, உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

உனக்கு ஆறு வயது. சீட்டு முழுகிப்போய், நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த பணத்துக்கு ஆட்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்த வருஷம். ஒன்பது நாள் நான் வீட்டில் இல்லை. மேலே சர்வேக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னார்கள். சர்வே எதுவும் இல்லை, மக்களே. காலையில் டியூட்டி முடிந்து மதகுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினேன். தோட்டமலையில் இறங்கி நடந்தேன். திரும்பி வரக் கூடாது என்றுதான் போனேன். இருட்டி, கால் ஓய்ந்து ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தவனைக் காணிக்காரர்களின் தலைவர் மூட்டுக்காணி கூட்டிப்போய்த் தன் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தார். எதற்கு வந்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மரச்சீனி அவித்துக் காந்தாரி மிளகும் உப்பும் நசுக்கித் தருவார்கள், தின்றுவிட்டுப் படுத்துக் கிடப்பேன். ஒன்பதாம் நாள் படகுக்காரர் அரிசி கொண்டு வந்தவர், “உங்க பையன் தினமும் சாயங்காலம் துறையில் வந்து நிக்கானே, சார் எப்ப வருவீங்க?” என்று கேட்டார். அன்றைக்கே அவர் படகில் ஏறினேன்.

நீ துறைப்படியில் நின்றாய். கணுக்கால் வரைக்கும் தண்ணீர். இறங்கியதும் உன்னை அடித்தேன். தண்ணிக்கிட்ட நிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தி, துறையில் அத்தனை பேர் பார்க்க அடித்தேன். நீ அழவில்லை. வலது கையை மட்டும் விரிக்காமல் மூடி வைத்திருந்தாய். வீட்டுக்கு வந்து அம்மா விரலைப் பிரித்துப் பார்த்தால், ஒரு மட்டிப்பழம், தோல் கறுத்து, நசுங்கி உள்ளங்கையெல்லாம் ஒட்டியிருந்தது. சாயங்காலம் உனக்குத் தின்னத் தரும் பழத்தை ஒவ்வொரு நாளும் எனக்கென்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அம்மா இதை எனக்குச் சொன்னது எத்தனையோ வருஷம் கழித்து. அப்போது நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று போனை எடுத்தேன். பீஸ் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நான் போனது ஓடினது. அந்தத் துறையை விட்டு ஓடினேன். நீ எதற்கு நடக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன், எனக்கு அதைக் கேட்க வாய் இல்லை. ஆனால் காட்டுக்குள் போனவன் திரும்பி வராமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிற ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தால் அந்த ஊரிலேயே இரு, மேலே போகாதே. கனடா எல்லைக்கு இன்னும் 130 கிலோமீட்டர்தானே என்று போகாதே. யாரிடமாவது போய்ப் பக்கத்தில் உட்கார். அவர்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

வேலை, மார்த்தாண்டம், பணம் எதையும் நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன். திருவனந்தபுரத்தில் எத்தனை மணி விமானம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டால் போதும், அர்த்த ராத்திரியானாலும் வந்து நிற்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் மேலே பனி விழத் தொடங்கும் என்கிறார்கள். நல்ல சாக்ஸ் வாங்கு. கரடி வரும், சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதே. ஆற்றைக் காலையில் கட.

இன்னொன்று. அங்கே பக்னர் தோட்டம் என்று நூறு வருஷத்துக்கு மேலான ஆப்பிள் தோட்டம் இருக்கிறதாம், ரெயின்போ அருவிப் பக்கம். அந்தக் காலத்தில் கையால் வெட்டிய வாய்க்காலில்தான் இன்றைக்கும் தண்ணீர் பாய்கிறது என்று அக்கா படித்தாள். மோட்டார் இல்லையாம், வெறும் சரிவிலேயே ஓடுகிறதாம். போய்ப் பார். தண்ணீரை எங்கே திருப்பி எடுக்கிறார்கள், மடை பலகையா கல்லா, ஒரு மரத்தில் இருந்து அடுத்த மரத்துக்கு எப்படித் திறந்து விடுகிறார்கள் என்று பார்த்து எனக்கு இரண்டு வரி எழுது. அந்தத் தபால் ஆபீசிலேயே போட்டுவிடு.

அப்பா