செயலாளர் ஆண்டறிக்கை: நாமே போட்டு நாமே உடைத்த வேகத்தடை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ராமேஸ்வரத்து வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் தெருச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆடி அமாவாசையை ஒட்டி வந்ததை மட்டும் தள்ளிவைத்தோம். அந்த நாட்களில் ரத வீதியைத் தாண்டி யார் வர முடியும்? குடிநீர், தெருவிளக்கு பற்றித் தலைவர் பேசுவார். நான் தெருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன பொதுக்குழுவில் எல்லாரும் கேட்டது வேகத்தடை. தனுஷ்கோடிக்குப் போகிற வேன்கள் குறுக்கு வழி என்று நம் தெருவுக்குள் புகுந்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் பறக்கின்றன. மனு கொடுத்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், வீடு கட்டிய உறுப்பினர் ஒருவரிடம் மிஞ்சிய சிமெண்டை வாங்கி ஒரே ராத்திரியில் நாமே ஒன்றைப் போட்டோம். கரண்டி பிடித்தவன் நான்தான். ஒரு முழ அகலம், அதற்குப் பொருந்தாத உயரம். வேன்கள் நிதானித்தன, உண்மை. ஆனால் மூன்றாம் நாள் விடியலில் மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த பெரியவர் அதில் இடறி விழுந்தார். முழங்கையில் நல்ல அடி, நெத்திலி பூராவும் ரோட்டில். அன்று மாலையே, ஆட்டோவில் குலுங்கிப் போன கர்ப்பிணிப் பெண்ணின் மாமியார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "வேகமா வர்றவனத் தடுக்கப் போட்டியளா, மெதுவா வர்றவள ஒடைக்கப் போட்டியளா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுநாள் கடப்பாரை எடுத்தோம்.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பு) சொல்லும் வேகத்தடை, வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம். சுமார் 25 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அது ஒரு சின்ன மேடு. பறந்து வருகிறவரைத்தான் தூக்கிப் போடும். இந்த அளவிலேயே கேட்டுப் புதிய மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

'இவ்வளவு மெதுவாகவா போவது' என்று சில உறுப்பினர்கள் முனகினார்கள். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடுகிற தூரம் நாலு மடங்காகும். ஆட்களும் வண்டிகளும் கலந்து போகிற இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கையே சொல்கிறது. நம் ஊரில் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, ஈரத்துணியோடு, வெறுங்காலோடு, 22 தீர்த்தம் ஆடக் கோயிலுக்கு நடக்கிறவர்கள் எத்தனை பேர்! தார் சுடுகிறது என்று நிழல் பார்த்து ஓரம் ஓரமாக ஓடுகிறார்கள். அந்த ஓரத்தில்தான் நம் பைக்குகள் நிற்கின்றன.

தெருமுனைச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். முனை அகலமாக வளைந்திருப்பதால்தான் வேன்கள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன. இம்முறை முறையாக அனுமதி வாங்கி, மணல் மூட்டைகளை அடுக்கி, பழைய வலை மிதவைகளை அடையாளமாகக் கட்டி, திருப்பத்தை ஒரு மாதம் குறுக்கி வைத்தோம். வண்டிகள் தவழ்ந்து திரும்பின. குழந்தைகள் கடக்க வேண்டிய தூரமும் குறைந்தது. மூட்டைகளை ஆடுகள் கிழித்ததும், சரக்கு இறக்க முடியவில்லை என்று மளிகைக்கடைக்காரர் கோபித்துக்கொண்டதும் நடந்தவைதான். அவருக்குக் காலை நேரத்தில் இடம் விடலாம் என்று பேசியிருக்கிறோம்.

நடைபாதை விஷயத்தில் சங்கம் தோற்றது. தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும், 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்பது அதே சாலைக் காங்கிரஸின் கணக்கு. நம் வீட்டுப் படிகளும் சாய்தளங்களும் அதில் பாதியைத் தின்றுவிட்டன. செயலாளர் வீட்டுப் படியும் சேர்த்துத்தான். சித்திரைக்குள் இடித்துவிடுகிறேன் என்று வீட்டிலும் சொல்லியாயிற்று.

பேருந்து: 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் நிற்க நிழல் இல்லை, கூடை இறக்கி வைக்கத் திண்ணை இல்லை. நிறுத்தத்தில் இரண்டு பூவரசு நட்டோம், ஒன்று பிழைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் நின்ற ரயில், 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மறுபடி ஊருக்குள் வருகிறது. பெட்டியும் பையுமாக ஒரே நேரத்தில் இறங்குகிறவர்களுக்கு நிலையத்திலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், நடக்க இடம் இருந்தால். அந்த வழியை ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு வரும் மாதம் நடந்து பார்க்கப் போகிறோம். ஞாயிறு காலை ஆறு மணி. செருப்பு இல்லாமல் வருகிறவர்களுக்கு முதல் டீ சங்கச் செலவு.

உடைத்த சிமெண்ட் கட்டிகள் இன்னும் முனையிலேயே கிடக்கின்றன. மினி லாரி வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது அள்ளிப் போனால் டீசல் காசு தந்துவிடுகிறோம். இனிப் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.