கன்ட்ரோல் டெக் கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ஹார்த்ஸ்டோன் என்ற கணினி சீட்டு விளையாட்டில் வாரியர் என்ற ஹீரோவை எடுத்து, எதிராளியைத் தடுத்துத் தடுத்து மெதுவாக ஜெயிக்கும் கன்ட்ரோல் டெக் (சீட்டுக்கட்டு) ஒன்றை ஆசை ஆசையாகக் கட்டுகிறீர்கள். நாலு ஆட்டம் தோற்றதும் மறுபடி வேகமாக அடித்து முடிக்கும் அக்ரோ டெக்குக்கே ஓடிவிடுகிறீர்கள். அப்படி ஓட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டெக்கில் இருப்பது 30 கார்டுதான். அதில் ப்ரால், எக்ஸிக்யூட், ஷீல்டு ஸ்லாம் என்று அழிக்கிற கார்டுகளாகவே நிரப்பி வைக்கிறீர்கள். சரி, எதிராளி மேசையில் இறக்கிய மினியனை (சண்டை போடும் உருவங்களை) எல்லாம் அழித்தாயிற்று. அப்புறம் எதை வைத்து ஜெயிப்பீர்கள்? முதலில் அதை முடிவு செய்யுங்கள். மற்ற கார்டுகள் அதைச் சுற்றித்தான் வர வேண்டும்.

பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் வைல்டு முறையில் எனக்குப் பிடித்த வழி ஜஸ்டிகார் ட்ரூஹார்ட். 2015இல் வந்த கார்டு. அதை இறக்கிவிட்டால் ஹீரோ பவர் (டர்னுக்கு ஒரு தடவை பயன்படுத்தும் ஹீரோவின் திறன்) தரும் ஆர்மர், அதாவது உயிருக்கு முன் அடி வாங்கும் கவசம், 2லிருந்து 4 ஆகிவிடும். டெக் தீர்ந்த பிறகு கார்டு எடுக்கும்போதெல்லாம் ஃபட்டீக் என்ற தண்டனை 1, 2, 3, 4 என்று ஏறி அடிக்கும். முதல் நாலு அடியும் சேர்த்து 10. அதே நாலு டர்னில் உங்களுக்கு 16 ஆர்மர் ஏறியிருக்கும். எதிராளிக்கு அந்தக் கவசம் இல்லை. ஆனால் நீங்கள் அவருக்கு முன்பே டெக்கைக் காலி செய்திருக்கக் கூடாது. அதனால், மெதுவாக ஆடுகிறவரோடு மோதும்போது கூடுதலாக ஒரு கார்டு எடுப்பதற்குக்கூட யோசியுங்கள்.

அடுத்தது பொறுமை. போன வாரம் நான் ஆடிய ஓர் ஆட்டம். என்னிடம் 5 மனா (கார்டு போடச் செலவாகும் சக்தி), கையில் ப்ரால். எதிரே மூன்று சின்ன மினியன்கள். உடனே போட்டிருக்கலாம். ஆனால் ப்ரால் மேசையில் இருக்கும் மினியன்களை அழித்தாலும் எப்போதும் ஏதோ ஒன்றை மிச்சம் வைக்கும். நான் ஹீரோ பவரை மட்டும் அழுத்தினேன், ஆர்மர் 9 ஆனது. எதிராளி மூன்றாலும் அடித்ததில் 5 போய் 4 நின்றது. தைரியம் வந்து இன்னும் இரண்டு மினியன் இறக்கினார். அடுத்த டர்னில் 6 மனா: 5க்கு ப்ரால், மிச்சம் 1க்கு ஷீல்டு ஸ்லாம். ப்ராலில் தப்பிய மினியனுக்கு 3 உயிர்தான். ஷீல்டு ஸ்லாமின் அடி நம்மிடம் எவ்வளவு ஆர்மர் இருக்கிறதோ அவ்வளவு. மேசை சுத்தம். அவர் கையில் ஒரே ஒரு கார்டு மிச்சம்.

டஸ்ட்டிலும், அதாவது கார்டு செய்யப் பயன்படும் தூளிலும், கவனம் வேண்டும். ஒரு லெஜண்டரி (மிக அரிய) கார்டு செய்ய 1600 ஆகும், உடைத்தால் 400தான் திரும்பும். அந்தக் கார்டு இல்லாமலே பத்து ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, அப்போதும் அதன் குறை தெரிந்தால் செய்யுங்கள்.

இந்த வாரம் ப்ரால் கைக்கு வந்தால், உயிருக்கு ஆபத்து இல்லாத வரை ஒரே ஒரு டர்ன் காத்திருந்து பாருங்கள்.

அன்புடன்,
வாரியரை விடாத ஓர் அண்ணன்