உன் அறையைப் பற்றி ஒரு விஷயம்

ஒஷாவா
ஜூன் 2025

அன்புள்ள மகளுக்கு,

தந்தையர் தினத்துக்கு நீ அனுப்பிய பச்சைத் தொப்பி வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். உங்கள் ஒன்ராறியோ லண்டனின் ஐஸ் ஹொக்கி அணியான நைட்ஸின் தொப்பியை, ஜெனரல்ஸ் அணியின் ஊரான ஒஷாவாவில் தலையில் வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். மே மாதம் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் இறுதித் தொடரில் உங்கள் அணி எங்களை வென்ற இரவு நீ '16–1' என்று மட்டும் எழுதி அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. அடுத்த நாள் நீ அழைத்தபோதும் வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று எனக்கு வேலையே இல்லை. இந்த வயதில் பதினெட்டு வயதுப் பொடியன்கள் தோற்றதற்காக மகளோடு கோபித்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த 16–1ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருவம் முடிந்து கிண்ணத்துக்காக ஆடும் இந்த பிளே-ஓஃப் சுற்றுகளில் உங்கள் நைட்ஸ் 17 ஆட்டங்கள் ஆடி 16 வென்றார்கள். முதல் மூன்று சுற்றிலும் எதிரணிகளுக்கு ஒரு வெற்றிகூடக் கொடுக்கவில்லை. அந்த ஒரேயொரு தோல்வியை அவர்களுக்குக் கொடுத்தது யார்? எங்கள் ஜெனரல்ஸ். நீ அனுப்பிய கணக்கில் அந்த 1 எங்களுடையது, பிள்ளை. அடுத்த தடவை அனுப்பும்போது அதைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

2024 இதைவிட மோசம். அதே இரண்டு அணிகள், அதே இறுதி, நாலுக்கு நாலும் தோல்வி. நாலாவது ஆட்டம் இங்கே எங்கள் அரங்கில் நடந்ததால் லண்டன் பொடியன்கள் எங்கள் பனியிலேயே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். எழும்பிப் போயிருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை, கடைசி வரைக்கும் இருந்து பார்த்தேன்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1ஆம் திகதி ரிமூஸ்கியில் மெமோரியல் கப், அதுதான் கனடா முழுவதற்குமான இளையோர் கிண்ணம், அதன் இறுதியாட்டம் நடந்ததே, அன்று நான் லண்டன் பக்கம்தான். மெடிசின் ஹற் ரைகர்ஸை 4–1 என்று வென்றபோது கையைக்கூடத் தட்டினேன். எங்களை வென்றவன் நாட்டையே வென்றவனாக இருந்தால் தோற்றவனுக்கும் கொஞ்சம் மரியாதைதானே.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 2015இல் உனக்குப் பன்னிரண்டு வயது. என்னோடு வேலை செய்தவர் தன்னால் போக முடியவில்லை என்று இரண்டு ரிக்கெற் தந்தார். அப்போது அரங்குக்கு ஜெனரல் மோட்டர்ஸ் சென்ரர் என்று பெயர். அணியின் பெயரே அந்தக் கம்பனியிலிருந்து வந்ததுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறது என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீதான் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாய்: "அப்பா, நீலக் கோட்டை பக் தாண்ட முதல் ஆள் தாண்டினால் ஓஃப்சைட். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அடித்து அந்தப் பக்கக் கோல் கோட்டைத் தாண்டினால் ஐஸிங்." பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்தாயாம். வழக்கமாகப் பிள்ளைக்கு அப்பா சொல்லிக் கொடுப்பான். எங்கள் வீட்டில் ஹொக்கி மட்டும் தலைகீழ்.

அந்த வருடம்தான் கொனர் மெக்டேவிட் ஆடிய ஈரி அணியை ஐந்து ஆட்டத்தில் வென்று கிண்ணம் எடுத்தார்கள். பிறகு கியூபெக் நகரில் மெமோரியல் கப் இறுதி, கெலோனா அணியோடு. அன்ரனி சிரெல்லி என்ற பதினேழு வயதுப் பொடியன். லீக் அணிகள் புதுப் பொடியன்களைத் தெரிவு செய்தபோது ஒரு அணியும் எடுக்காமல் விட்ட பிள்ளை அவன். எங்கள் இரண்டு கோலும் அவன் அடித்ததுதான், மேலதிக நேரத்தில் அடித்த வெற்றிக் கோல் உட்பட. நீ சோபாவில் ஏறிக் குதித்து அதன் கால் ஒன்று உடைந்தது. அந்த சோபா இன்னும் இருக்கிறது, காலுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை.

முதலில் எனக்கு இந்த லீக்கின் கணக்கே பிடிக்கவில்லை. இருபது அணிகள், ஆளுக்கு 68 ஆட்டம், செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும். அவ்வளவும் ஆடிவிட்டு இருபதில் பதினாறு அணிகள் பிளே-ஓஃபுக்குப் போகுமென்றால் ஆறு மாதம் எதற்கு ஓடினார்கள்? இரண்டு மூன்று வருடம் பார்த்த பிறகுதான் விளங்கியது. முதல் சுற்றில் யாரைச் சந்திக்கிறாய், ஏழாவது ஆட்டம் வந்தால் அது யார் வீட்டில் என்பதையெல்லாம் தீர்மானிப்பது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அசட்டையாக விட்ட இரண்டு புள்ளிதான். மேலதிக நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு என்பதால் அந்த ஒற்றைப் புள்ளிகளையும் எண்ணப் பழகிவிட்டேன். காலையில் தேநீரோடு புள்ளிப் பட்டியல் பார்ப்பதை அம்மா ஜாதகம் பார்ப்பது என்று சொல்வார்.

ஆனால் எனக்குப் பிடித்தது பிளே-ஓஃப்தான். ஏழில் நாலு வெல்ல வேண்டும், ஒரே எதிரி, இரண்டு கிழமைக்கு ஒரே முகங்கள். முதல் ஆட்டத்தில் யாரையும் யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஆட்டத்தில் ஒருத்தன் மற்றவனின் எந்தத் தோள் நோகிறது என்று தெரிந்துவைத்து அங்கேயே இடிப்பான். ஐந்தாவதில் கோல்காப்பவனின் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அரங்கில் எனக்குக்கூடத் தெரியும். சாதாரண நாட்களில் சமநிலை என்றால் மூன்றுக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, பிறகு பெனால்டி மாதிரி அடித்து முடித்துவிடுவார்கள். பிளே-ஓஃபில் அப்படி இல்லை. ஐந்துக்கு ஐந்து பேர், இருபது இருபது நிமிடமாக, ஒருத்தன் கோல் அடிக்கும் வரைக்கும். அந்த நேரத்தில் அரங்கில் பேச்சு நின்றுவிடும். பனியில் ஸ்கேற் கத்தி கீறும் சத்தம் மட்டும் கேட்கும். 1990இல் இதே ஜெனரல்ஸ் எரிக் லின்ட்ரோஸை வைத்துக்கொண்டு மெமோரியல் கப் வென்றது இரண்டாவது மேலதிக நேரத்தில்தான். அதை நேரில் பார்த்த ஒரு கிழவர் எங்கள் வரிசையில் இருக்கிறார். இடைவேளை தவறாமல் அந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நானும் புதிதாகக் கேட்பேன்.

மெமோரியல் கப் என்று சொல்கிறோமே, அது 1919இல் முதலாம் உலகப் போரில் இறந்த கனேடியப் படைவீரர்களின் நினைவாக வைத்த கிண்ணம். லீக்கின் சிறந்த வீரனுக்குக் கொடுக்கும் ரெட் ரில்சன் விருதும் அப்படித்தான். ரில்சன் ஒரு ஜெனரல்ஸ் பொடியன். 1944இல் போரில் இறந்தபோது அவனுக்கு இருபது வயது. இருபது வயதுப் பிள்ளை போரில் போவது என்றால் என்னவென்று எனக்கும் அம்மாவுக்கும் ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் அந்தப் பெயரை அறிவிப்பாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த லீக்கில் ஒருத்தரும் தங்குவதில்லை. பதினாறு வயதில் வருவார்கள், இருபதோடு முடிந்தது. இருபது வயதுக்காரர் ஒரு அணியில் மூன்று பேர்தான் இருக்கலாம். நன்றாக ஆடுகிறவன் அதற்கு முன்பே போய்விடுவான். ஜனவரி வந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ஜோன் தவாரெஸ் பதினைந்து வயதுக்கு முன்பே விசேட அனுமதியோடு இங்கே வந்தவன், பதினாறு வயதில் 72 கோல் அடித்தவன். கடைசியில் அவனையும் 2009 ஜனவரியில் மாற்றினார்கள். எங்கே? உன் லண்டனுக்குத்தான். ஒஷாவா வளர்க்கிறது, லண்டன் கொண்டுபோகிறது. நான் உன்னைச் சொல்லவில்லை.

எங்கள் பெக்கெற் செனெக்கியை எடுத்துக்கொள். போன வருடம் பெரிய லீக்கான என்.எச்.எல்.லின் அனஹைம் அணி அவனை மூன்றாவது ஆளாகத் தெரிவு செய்தபோது அவன் முகத்தைப் பார்த்தாயா? வாயைப் பிளந்தபடி இருந்தான், தன் பெயரைத்தான் சொன்னார்களா என்று. என் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது மாதிரி அன்று எனக்குச் சந்தோஷம். இந்த ஓகஸ்ட்டிலிருந்து இந்த லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்குப் போகலாமாம். அணிக்கு நட்டம்தான். ஆனால் படிப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும், உனக்குத் தெரியுமே. ஒரு பருவம் ஆடினால் ஒரு வருடப் படிப்புச் செலவை லீக் கொடுக்கிறது என்று அறிந்த நாளில்தான் இவர்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று யோசித்திருக்கிறாயா? ஊர்க்காரர் வீடுகளில். அந்தக் காலத்து ஜெனரல்ஸ் நட்சத்திரம் பொபி ஓர் பதினான்கு வயதில் முதல் பருவம் ஆடியபோது பாரி சவுண்டில் சொந்த வீட்டிலேயே இருந்து ஆட்டங்களுக்கு வந்து போனானாம். எல்லோராலும் அது முடியுமா? எனக்கு ரிக்கெற் தந்தவர் வீட்டில் இதுவரை ஐந்து பொடியன்கள் இருந்து போயிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து சூ செயின்ற் மரியிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து விடியற்காலை கதவைத் தட்டுவார்களாம். குளிர்பெட்டியைக் காலி செய்துவிட்டுப் படுத்து, எழும்பிப் பள்ளிக்கூடம் போவார்களாம். ஒவ்வொருத்தன் போகும்போதும் அவருடைய மனைவி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவாராம், அழுவது கேட்கக்கூடாது என்று.

வருகிற பருவத்துக்கு எங்கள் பெயரையும் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "மகள் வந்தால் எங்கே படுப்பாள்?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் நீ மொத்தம் ஒன்பது இரவு இங்கே தங்கியிருக்கிறாய். குறை சொல்லவில்லை, உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. எண்ணினேன், அவ்வளவுதான். புள்ளிப் பட்டியல் பார்த்துப் பார்த்து எதையும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் கழித்து, "அந்த வயதுப் பொடியன் எவ்வளவு சாப்பிடுவான்?" என்று கேட்டார். அதை அரைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற அரைச் சம்மதம் உன்னிடம் இருக்கிறது.

நீ வேண்டாம் என்றால் விண்ணப்பம் போட மாட்டேன். இதை முகத்துக்கு நேரே கேட்டால் நீ யோசிக்காமல் சரி என்றுவிடுவாய், அதனால்தான் கடிதம். வேண்டும் என்றால் ஓகஸ்ட் கடைசியில் வந்துவிடுவான், வசந்தம் வரைக்கும் இருப்பான். நீ வருகிற நாட்களில் கீழே சோபா இருக்கிறது, மரக்கட்டைக் கால் சோபா. அதில் நான் படுத்துக்கொள்கிறேன், நீ அம்மாவோடு படு.

நாங்கள் கிழக்கு, நீங்கள் மேற்கு என்பதால் ஜெனரல்ஸ் லண்டனுக்குப் பருவத்தில் ஒரு தடவைதான் வருவார்கள். அந்த ஆட்டத்துக்கு நான் 401 நெடுஞ்சாலையில் இரண்டரை மணித்தியாலம் ஓடி வந்துவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து இருக்கையாக எடுத்து வை. நீ பச்சையில் வா, பரவாயில்லை. உன் கட்டிலில் படுத்து எழும்புகிறவன் சிவப்பு உடுப்போடு பனியில் ஓடும்போது மட்டும் ஊளையிடாதே.

சுவரில் இருக்கிற படங்களை நான் தொட மாட்டேன். அலுமாரியைக் காலி செய்து பெட்டிகளில் போட்டு நிலவறையில் வைக்கிறேன், ஒவ்வொன்றிலும் உன் பெயர் எழுதி. கட்டிலுக்கு அடியில் உன் பழைய ஸ்கேற் சோடி இருக்கிறது, பன்னிரண்டு வயதில் போட்டது. கத்தி துருப்பிடித்துவிட்டது. அதை என்ன செய்வது என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா