பள்ளி வரலாற்று மலரும் பழைய சேர்க்கைப் பதிவேடும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. எண்ணும் எழுத்தும் பயிற்சியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆண்டு விழாவும் சிறப்பாக நடந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

விழாவன்று நம் பள்ளியின் வரலாற்று மலருக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை வெளியே எடுத்து வைத்திருந்தோம். முதல் ஏடு கோயமுத்தூர் ஜில்லா போர்டு காலத்தது. 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது, அப்புறம் அதுவே ஈரோடு மாவட்டம் ஆனது எல்லாம் பிந்தைய ஏடுகளின் முத்திரையிலேயே தெரியும். அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் நெசவு, பண்ணையம், கூலி என்றே திரும்பத் திரும்ப வரும். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் 'தறி வேலை', 'ஆடு மேய்க்க' என்று இருக்கும். 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்ததற்குப் பிந்தைய பக்கங்களில், ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண் பிள்ளைகளின் பெயர்களை அதிகம் பார்க்கலாம். ஓர் அம்மாயி (பாட்டி) ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது எங்கய்யன் வெச்ச கைநாட்டு" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அந்தப் பக்கங்களில் சிலவற்றை யாரோ செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெருமை என்று நினைத்தே செய்திருக்கலாம். ஆனால் அந்த ஏட்டில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. இன்று வாயால் சொல்லக் கூசும் சொற்களையும் அன்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் நான்காம் வகுப்பில் ஒரு பையன், பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் அவளுடைய அப்பாரு (தாத்தா) பெயரையும் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை உணவு நேரத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தூண் ஓரமாகத் தனியே உட்கார்ந்தாள். பையனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பெரியவர்கள் போனைப் பார்த்துப் பேசியதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

படங்களை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். குழு நடத்துபவர்கள் குழுவிலிருந்தும் நீக்குங்கள். இனி ஒரு பிள்ளையைச் சாதி சொல்லிப் பேசியதாக என் காதுக்கு வந்தால், யார் வீடு என்று பார்க்க மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்பேன். தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் புகார் கொடுப்பேன்.

இதைப் பள்ளிக்கு வந்து முதலில் சொன்னவர்களும் பெற்றோர்தான். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பழைய போட்டோக்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் நன்றி. மலர் கட்டாயம் வரும். அதில் சாதிக் கட்டம் இருக்காது. பெயர், படித்த ஆண்டு, அவரவர் சொன்ன நினைவுகள் மட்டும் இருக்கும். தங்கள் பெயரைப் பார்க்க ஆசைப்படும் அப்பாரு, அப்பிச்சி, அம்மாயிகளை வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு மேல் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். உரிய பக்கத்தை நானே எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்